மருந்தும் அறிவும்

நுழையும்முன்

நோய்க்கு மருந்து தேடிய மனிதன், நோயின் காரணத்தையும் தேடினான். காரணம் தெரியாத காலத்தில் மருந்து வலியைத் தணித்தது. காரணம் தெரிந்த பின்னரே நோயைத் தீர்த்தது. ஆண்டுக்கணக்கில் மக்களை வாட்டிய வயிற்றுப்புண், பதினான்கு நாள் மருந்தில் அடங்கும் நோயாக மாறிய வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். அவ்வரலாற்றையும் அம்மருத்துவத்தின் அறிவியலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நால்வகைக் கொடை

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமும் பார்சுவநாதர் கோயிலும் இவ்வூரில் உள்ளன. சமண சமயம் இல்லறத்தார்க்குரிய கடமைகளுள் நால்வகைக் கொடையை வலியுறுத்துகிறது. பசித்தவர்க்கு உணவளித்தல், அஞ்சியவர்க்கு அடைக்கலம் அளித்தல், பிணியுற்றவர்க்கு மருந்தளித்தல், அறிவை நாடுவோர்க்கு நூலளித்தல் என்பன அவை. இவற்றை முறையே ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என்பர்.

மருந்துக் கொடையும் நூற்கொடையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுதல் கருதத்தக்கது. மருந்து உடலின் துன்பத்தை நீக்குகிறது. நூல் அறியாமையை நீக்குகிறது. இவ்விரண்டும் தனித்தனியானவை போலத் தோன்றினும், ஒன்றின் பயன் மற்றொன்றைச் சார்ந்தே அமைகிறது. ஒரு நோயின் காரணத்தை அறியாமல் தரப்படும் மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும் முழுப்பயன் தருவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வயிற்றுப்புண்ணுக்கு அளிக்கப்பட்ட மருத்துவம் இத்தகையதாகவே இருந்தது. அதனைத் தமிழகத்தின் தென்கோடியில் இருந்த ஒரு மருத்துவமனை நன்கு காட்டும்.

நெய்யூரின் அறுவை அரங்கு

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அங்கு இலண்டன் மிஷன் சங்கம் நடத்திய மருத்துவமனைக்கு 1922ஆம் ஆண்டில் ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். அவர் பெயர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல். அவ்வாண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்றிருந்த அவர், மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கும் நோக்கத்தோடு புறப்பட்டார். நெய்யூரை அடைந்தபோது, மருத்துவத்துக்காகக் காத்திருந்த பெருங்கூட்டத்தையும், அவர்களுக்குப் போதிய மருத்துவர் இல்லாத நிலையையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த சிறப்பான எதிர்காலத்தை விடுத்து, நெய்யூரிலேயே பணியாற்ற முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் பயணத்தில் கலந்துகொண்டு ஏறத்தாழ 8500 மீட்டர் உயரத்தை எட்டிய அவர், பின்னர் நெடுங்காலம் நெய்யூரில் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றினார். பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பயிற்றுவித்தார்.

நெய்யூரில் அவரை நாடி வந்தோருள் பலர் முன்சிறுகுடற்புண்ணால் துன்புற்றவர்கள். இரைப்பையிலிருந்து உணவு முதலில் சென்று சேரும் சிறுகுடற்பகுதியே முன்சிறுகுடல். அங்கே புண் தோன்றினால் மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் உண்டாகும். வயிறு வெறுமையாக இருக்கும்போதும் நள்ளிரவிலும் வலி மிகும். உணவு உண்டால் சற்றுத் தணியும். புண் பலமுறை ஆறி ஆறித் தோன்றும்போது, அதன் வடு குடற்பாதையைச் சுருக்கிவிடும். அந்நிலையில் உண்ட உணவு கீழிறங்காமல் இரைப்பையிலேயே தங்கும். நோயாளி நேற்று உண்டதை இன்று வாந்தியெடுப்பார். உடல் மெலியும், உழைக்கும் வலிமை குன்றும். சிலருக்குப் புண்ணிலிருந்து குருதி கசியும். சிலருக்குக் குடற்சுவரே துளைபட்டு உயிருக்கு இடர் நேரும்.

அக்காலத்தில் இத்தகையோர்க்கு இருந்த வழி அறுவை மருத்துவமே. இரைப்பையை, புண்பட்ட முன்சிறுகுடலைக் கடந்து, சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைக்கும் அறுவையைச் சாமர்வெல் மிகப் பலருக்குச் செய்தார். அடைபட்ட வழிக்கு மாற்றுவழி அமைப்பது போன்றது அது. அவ்வறுவையால் பலர் மீண்டும் உணவு உண்டனர், மீண்டும் உழைத்தனர். ஆயினும், இப்பகுதி மக்களிடம் இந்நோய் ஏன் இவ்வளவு மிகுதியாக உள்ளது என்னும் வினா எஞ்சி நின்றது.

காரணம் தேடிய காலம்

அவ்வினாவுக்கு விடை தேடியோர் முதலில் உணவையே நோக்கினர். நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் அறிஞர் உணவூட்ட ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து, அவற்றின் உடல்நிலையை ஒப்பிட்டார். மரவள்ளிக் கிழங்கை மிகுதியாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழையரின் உணவை உண்ட எலிகளுள் சிலவற்றுக்கு வயிற்றுப்புண் தோன்றியது. கோதுமையும் பாலும் காய்கறியும் அடங்கிய வடமேற்கு இந்திய உணவை உண்டவற்றுக்கு அது தோன்றவில்லை. எனவே, சத்துக்குறைவான உணவும் காரமுமே நோய்க்குக் காரணம் எனப் பலர் கருதினர்.

மேலைநாடுகளிலோ மன அழுத்தமும் ஓயாத பரபரப்பும் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என நம்பப்பட்டது. ஆனால், தென்னிந்தியாவில் அந்நோய்க்கு ஆளானோருள் பெரும்பாலோர் வயலிலும் கடற்கரையிலும் உழைத்த எளிய மக்கள். இரு நிலத்து விளக்கங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

எல்லோரும் உடன்பட்ட கருத்து ஒன்றே ஒன்று. இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்றிப் புண் தோன்றாது என்பதே அது. இக்கருத்தை 1910இல் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் வலியுறுத்தினார். அன்றுமுதல் அமிலத்தைக் குறைப்பதே மருத்துவத்தின் குறிக்கோள் ஆயிற்று. பால் அருந்துதல், காரமற்ற உணவு உண்ணுதல், அமிலத்தைச் சமன்செய்யும் காரப்பொருள்களை உட்கொள்ளுதல் ஆகியன பரிந்துரைக்கப்பட்டன.

இவ்வழியில் பெரிய முன்னேற்றம் 1976இல் நிகழ்ந்தது. ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிவியலாளரின் ஆய்வின் பயனாகச் சிமெடிடின் என்னும் மருந்து பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இரைப்பைச் செல்களை அமிலம் சுரக்குமாறு தூண்டும் ஹிஸ்டமினை அம்மருந்து தடுத்தது. சில வாரங்களில் புண் ஆறியது. அறுவை அரங்குக்குச் செல்லவேண்டிய பலர் மாத்திரையாலேயே நலம் பெற்றனர். பிளாக்குக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால், மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் புண் மீண்டும் தோன்றியது. நோயாளிகள் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டியவர்களாயினர். அமிலம் புண்ணை வளர்த்தது உண்மை. எனினும், அதற்கு இடம் கொடுத்தது வேறொன்று. அது எதுவெனத் தெரியாதவரை மருத்துவம் முற்றுப்பெறவில்லை.

பெர்த் நகரில் கிடைத்த விடை

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரின் அரச மருத்துவமனையில் நோயியல் வல்லுநராகப் பணியாற்றியவர் இராபின் வாரன். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட திசுத்துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்வது அவர் பணி. 1979இல் அத்தகைய திசு ஒன்றின் மேற்பரப்பில் வளைந்த வடிவுடைய பாக்டீரியாக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். அவை இருந்த இடமெல்லாம் இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றிருந்தது. கடும் அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா வாழ இயலாது என்பது அன்றைய மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. ஆகவே, வாரனின் கூற்றைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

1981இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு இணைந்தார். இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தனர். முன்சிறுகுடற்புண் இருந்த 13 பேரிடமும் அந்தப் பாக்டீரியா இருந்தது. ஆனால், அதனை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோல்வியுற்றது. வழக்கப்படி இரண்டு நாள்களில் வளர்ச்சி தென்படாத தட்டுகள் எறியப்பட்டன. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் எடுக்கப்படாமல் கூடுதல் நாள்கள் வளர்ப்புப் பெட்டியிலேயே இருந்துவிட்டன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது பாக்டீரியாக் கூட்டங்கள் வளர்ந்திருந்தன. அந்நுண்ணுயிரி மெதுவாக வளரும் இயல்புடையது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அதன்பின்னரும் ஐயம் நீங்கவில்லை. பாக்டீரியா புண்பட்ட இடத்தில் பிறகு வந்து குடியேறியிருக்கலாம் அன்றோ என்று சிலர் வினவினர். விலங்குகளில் மேற்கொண்ட சோதனைகள் பயனளிக்கவில்லை. 1984இல் மார்ஷல், தம் இரைப்பையில் அப்பாக்டீரியா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பாக்டீரியா கலந்த நீர்மத்தைத் தாமே அருந்தினார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் தோன்றின. பத்தாம் நாளில் செய்யப்பட்ட சோதனையில், அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருப்பதும் அங்கே பாக்டீரியா குடிகொண்டிருப்பதும் தெரியவந்தன. நலமான இரைப்பையில் அழற்சியை உண்டாக்க அந்நுண்ணுயிரியால் இயலும் என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. பாக்டீரியாவை ஒழித்தால் புண் மீண்டும் வருவதில்லை என்பதை அடுத்து வந்த பல ஆய்வுகள் உறுதிசெய்தன. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

இந்நுண்ணுயிரியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ‘ஹெலிகோ’ என்பது அதன் திருகு வடிவைக் குறிக்கும். ‘பைலோரஸ்’ என்பது இரைப்பை முன்சிறுகுடலோடு சேரும் வாயில். ‘வாயிற்காவலன்’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது.

அமிலத்தில் வாழும் முறை

மனித இரைப்பை நாள்தோறும் ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பை நீரைச் சுரக்கிறது. அதில் உள்ள அமிலம் உணவோடு வரும் நுண்ணுயிரிகளுள் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். அவ்வமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதபடி, கோழைப் படலம் ஒன்று சுவரைப் போர்த்திக் காக்கிறது. அமிலம் நிறைந்த உட்குழிக்கும் செல்களால் ஆன சுவருக்கும் இடையே உள்ள இப்படலமே ஹெலிகோபாக்டரின் உறைவிடம்.

இப்பாக்டீரியா யூரியேஸ் என்னும் நொதியைப் பேரளவில் உண்டாக்குகிறது. இந்நொதி, இரைப்பை நீரில் இயல்பாக உள்ள யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் சிதைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. அது பாக்டீரியாவைச் சூழ்ந்துள்ள அமிலத்தைச் சமன்செய்து, அதற்கு ஒரு பாதுகாப்பு வளையத்தை அமைக்கிறது. அவ்வளையத்தின் துணையோடு, தன் கசையிழைகளைச் சுழற்றிக் கோழைப் படலத்தைத் துளைத்துக்கொண்டு உட்சென்று பாக்டீரியா நிலைபெறுகிறது.

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் அதனை எதிர்த்துப் போரிடுகிறது. ஆனால், முற்றிலும் வெளியேற்ற இயல்வதில்லை. இதனால் இரைப்பையின் உட்சுவரில் நீங்காத அழற்சி நிலவுகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி மிகும்போது, அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. மிகையான அமிலம் முன்சிறுகுடலை அடைந்து, அதன் மெல்லிய சுவரைப் புண்ணாக்குகிறது. அமிலமே புண்ணை உண்டாக்குகிறது என்ற பழைய கருத்து தவறன்று. அது முழுமையடையாத உண்மை.

உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் இரைப்பையில் இந்நுண்ணுயிரி வாழ்வதாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே இத்தொற்றைப் பெறுகின்றனர். ஆயினும், தொற்றுள்ள அனைவருக்கும் புண் தோன்றுவதில்லை. பெரும்பாலோர் எத்துன்பமும் இன்றியே வாழ்கின்றனர். சிறுபான்மையோர்க்குப் புண்ணும், அவரினும் மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயும் தோன்றுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994இல் இந்நுண்ணுயிரியை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் காரணிகளுள் ஒன்றாக அறிவித்தது.

மூன்று மருந்துகளின் கூட்டு

காரணம் தெரிந்தபின் மருத்துவத்தின் போக்கு மாறியது. புண்ணை ஆற்றுவதோடு, அதற்கு வேரான பாக்டீரியாவை ஒழிப்பதும் குறிக்கோள் ஆயிற்று. ஆனால், ஒரே ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பியால் ஹெலிகோபாக்டரை ஒழிக்க இயலவில்லை. கோழைப் படலத்துக்குள் மறைந்து வாழும் அதனை மருந்து எளிதில் அடைவதில்லை. அடைந்தாலும் அமிலத்தால் மருந்தின் ஆற்றல் குன்றுகிறது. எனவே, பல மருந்துகள் ஒருசேர அளிக்கப்படுகின்றன.

இக்கூட்டில் முதலாவது அமிலத் தடுப்பி. 1988இல் அறிமுகமான ஓமெப்ரசோலும் அதன் வழிவந்த பேன்டோப்ரசோல், எசோமெப்ரசோல் முதலிய மருந்துகளும் இவ்வகையின. இரைப்பைச் செல்களில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றும் நுண்ணிய இறைப்பிகள் உள்ளன. கிணற்றிலிருந்து நீரை இறைக்கும் பொறிபோல, இவை அமிலத்துக்குரிய அயனிகளை இரைப்பையினுள் இறைக்கின்றன. ஓமெப்ரசோல் இவ்விறைப்பிகளோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. உணவு உண்ணும்போதே இறைப்பிகள் முனைந்து செயற்படும். ஆதலால், மருந்து முன்கூட்டியே குருதியில் கலந்திருக்க வேண்டும். உணவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னர் இதனை உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவது இதனால்தான்.

அமிலத் தடுப்பி மூவகையில் உதவுகிறது. அமிலம் குறைவதால் புண் ஆறுகிறது. அமிலத்தால் சிதையக்கூடிய நுண்ணுயிர் எதிர்ப்பிகள் தம் ஆற்றலை இழக்காமல் இருக்கின்றன. அமிலம் குறைந்த சூழலில் பாக்டீரியா பெருகத் தொடங்குகிறது. பெருகும் பாக்டீரியாவையே அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் எளிதில் அழிக்கும். அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைக் குலைப்பதால், பிளவுற்று வளரும் நிலையில் உள்ள பாக்டீரியாவே அதற்கு இலக்காகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள். அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் அமிலத் தடுப்பியும் சேர்ந்த கூட்டு, மும்மருந்து முறை எனப்படும். கிளாரித்ரோமைசின் பாக்டீரியாவின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. வெவ்வேறு வழியில் தாக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து அளிப்பதால், ஒன்றிலிருந்து தப்பும் பாக்டீரியாவை மற்றொன்று அழிக்கிறது. கிளாரித்ரோமைசின் பயன்தராத இடங்களில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலத் தடுப்பி ஆகிய நான்கும் அடங்கிய நான்மருந்து முறை பின்பற்றப்படுகிறது. மருத்துவம் பெரும்பாலும் 14 நாள் நீடிக்கும். இவற்றுள் எது எவர்க்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமாக்சிசிலின் பெருந்தீங்கு விளைக்கலாம். ஆதலால், அவ்வொவ்வாமையை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

மருந்தளிக்கும் முன்னர்த் தொற்று உள்ளதா எனச் சோதித்தறிவது இன்றியமையாதது. எண்டோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்குக் கருவியால் இரைப்பையிலிருந்து சிறு திசுத்துணுக்கு எடுக்கப்படும். அது யூரியா கலந்த கூழ்மத்தில் இடப்படும்; பாக்டீரியா இருந்தால், அதன் யூரியேஸ் நொதி அம்மோனியாவை உண்டாக்கிக் கூழ்மத்தின் நிறத்தை மாற்றிவிடும். தன்னைக் காத்துக்கொள்ளப் பாக்டீரியா பயன்படுத்தும் நொதியே அதனைக் காட்டிக்கொடுக்கிறது. மூச்சுக்காற்றுச் சோதனையும் மலச் சோதனையும் உள்ளன. மருத்துவம் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மீண்டும் சோதித்து, பாக்டீரியா ஒழிந்ததை உறுதிசெய்வது முறையாகும்.

பாதியில் நிறுத்துவதன் விளைவு

மருந்து உட்கொள்ளத் தொடங்கிய மூன்று நான்கு நாள்களில் வயிற்றெரிச்சல் தணிந்துவிடும். அது அமிலத் தடுப்பியின் பயன்; பாக்டீரியா அழிந்ததன் அடையாளம் அன்று. வாய்க்கசப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு முதலிய பக்கவிளைவுகளும் சிலருக்குத் தோன்றும். இந்நிலையில் நலம் பெற்றுவிட்டதாகக் கருதி மருந்தை நிறுத்துவோர் உளர்.

அவ்வாறு நிறுத்தினால், மருந்தால் எளிதில் அழியக்கூடிய பாக்டீரியாக்கள் மடிந்திருக்க, ஓரளவு தாங்கும் ஆற்றல் பெற்றவை எஞ்சும். அவை பெருகினால், அடுத்தமுறை அதே மருந்து பயன்தராது. இவ்வாறு மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலையே நுண்ணுயிர்களின் மருந்தெதிர்ப்பு என்பர். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தம் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வதால் நேரும் இத்தீங்கினை எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை இன்று உண்மையாகியுள்ளது. இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கு அடங்காத ஹெலிகோபாக்டர் மிகுதியாகக் காணப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில், கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத ஹெலிகோபாக்டரும் இடம்பெற்றது. ஒருவர் பாதியில் நிறுத்தும் மருந்து அவரோடு முடிவதில்லை. எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியா அவர் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றக்கூடும். அக்குழந்தை தான் ஒருமுறையும் உண்ணாத மருந்துக்கும் பயனற்ற நிலையை மரபுரிமை போலப் பெறும்.

இச்சிக்கலை எதிர்கொள்ளத் தமிழகத்திலும் முயற்சிகள் தொடங்கின. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய மருத்துவ அமைப்புகள் பல சென்னையில் கூடி, நுண்ணுயிர் எதிர்ப்பிகளைப் பொறுப்புடன் பயன்படுத்துவதற்கான திட்டத்தை வகுத்தன. அது சென்னைப் பிரகடனம் எனப்படுகிறது. மருத்துவர் சீட்டின்றி உட்கொள்ளக் கூடாத மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கோடு அச்சிடப்பட்டிருப்பதைப் பற்றிய விழிப்புணர்வு இயக்கத்தை இந்திய அரசு 2016இல் தொடங்கியது. அக்கோடு உள்ள மாத்திரையைக் கடையில் தாமே கேட்டு வாங்குவதும், ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் உண்பதும் தவிர்க்கத்தக்கவை.

அமிலத் தடுப்பிகளையும் தாமே வாங்கி மாதக்கணக்கில் உண்பது நன்றன்று. அவை வலியை மறைத்து, நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தும். மலம் கருநிறமாகக் கழிதல், குருதி வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், உணவு விழுங்க இயலாமை ஆகியன தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். வலிநீக்கி மாத்திரைகளை நெடுநாள் உண்பதும் வயிற்றுப்புண்ணுக்கு மற்றொரு முதன்மைக் காரணம் என்பதை நினைவிற்கொள்ளுதல் நலம்.

நீரும் தூய்மையும்

ஹெலிகோபாக்டர் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுகிறது. உமிழ்நீர், வாந்தி, மலம் ஆகியவற்றின் வழியே அது பரவலாம். தூய்மையற்ற நீரும் ஒரு வழியாகலாம் எனக் கருதப்படுகிறது. நெருக்கமான வாழிடமும் கழிப்பிட வசதியின்மையும் உள்ள இடங்களில் தொற்று மிகுதி. குடிநீரும் வீட்டு வசதியும் மேம்பட்ட நாடுகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் தொற்று குறைந்துவருகிறது. நெய்யூரில் எளிய மக்களே மிகுதியாகத் துன்புற்றதன் காரணத்தை ஆராய்வோர், உணவோடு இச்சூழலையும் கருத வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் மேல்சித்தாமூரின் சமண மரபு மீண்டும் நினைவுக்கு வருகிறது. சமணர் நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவர். துறவியர் காய்ச்சிய நீரையே அருந்துவர். கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கும் தீங்கு நேரக்கூடாது என்னும் அருளுணர்விலிருந்து பிறந்த ஒழுக்கம் இது. துணியால் வடிகட்டுவதால் ஹெலிகோபாக்டர் போன்ற மிக நுண்ணிய உயிரிகள் நீங்கா. ஆனால், நீரைக் கொதிக்கவைத்தால் அவை அழியும். நோக்கம் வேறாயினும், காய்ச்சிய நீரைப் பருகும் வழக்கம் உடலுக்கும் காப்பாகிறது. கழிப்பறைக்குச் சென்று வந்தபின்னும் உண்பதற்கு முன்னும் சோப்பால் கைகழுவுதல், தூய நீரைப் பருகுதல் ஆகியன மருந்தின் தேவையையே குறைக்கும் செயல்களாகும்.

நெய்யூரின் அறுவை அரங்கில் சாமர்வெல் தம் கைத்திறனால் பலரைக் காத்தார். ஆனால், அன்று அவரிடம் இல்லாதது கருவியோ கருணையோ அன்று. நோயின் காரணம் பற்றிய அறிவே. அவ்வறிவு கிடைத்தபின், அவர் மணிக்கணக்கில் நின்று செய்த அறுவையின் இடத்தை ஒரு கைப்பிடி மாத்திரைகள் பெற்றன. அம்மாத்திரைகளின் ஆற்றலைக் காப்பதும் அறிவின் கடமையே. தரப்பட்ட மருந்தைத் தரப்பட்ட நாள்வரை முறையாக உண்ணும் ஒவ்வொருவரும், பின்வரும் நோயாளிக்கும் அம்மருந்தைக் காத்துத் தருகிறார். மேல்சித்தாமூர் போற்றிவரும் மருந்துக்கொடையில் இதற்கும் இடமுண்டு.